தட்டில் விட்ட சாமைச்சோறு

என் வயதை ஒத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளமையில் நடந்தவற்றை நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சொல்லுந்தோறும் அவை சற்றே வளர்ந்தும் அழகு பெற்றும் விடுகின்றன. கேட்பவர்க்கு அதனால் இழப்பில்லை. ஆனால் நான் எழுதப்போகும் செய்தியில் ஒரே ஒரு சொல் இடம் மாறியதால் நேர்ந்தது இன்னதென்று நான் அறிவேன். ஆகவே, என் கண்ணால் கண்டு ஐயமற நினைவில் நிற்பவற்றையும், அன்று உடனிருந்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் தவிர வேறொன்றும் இதில் இராது. உடனிருந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்பவள் என் மாமன் மகள் ஒருத்திதான். சென்ற தை மாதம் அவளைத் தேடிப் போய், அன்று நான் பேசியதை அவள் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவள் நினைவும் என் நினைவும் ஓர் எழுத்தும் வேறுபடவில்லை. வேறுபடாதா என்ற ஏக்கத்தோடுதான் போயிருந்தேன்.

இண்டூருக்கு மேற்கே பதினைந்து வீடுகளுக்கு மேற்படாத சிற்றூர் எங்களுடையது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது. அவ்வாண்டு ஆடியில் விதைத்த கேழ்வரகு முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது. அப்பா வேலை தேடி மைசூர்ச் சீமைக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா, நான், ஒன்றரை வயதுத் தம்பி, ஒரு கறவை வற்றிய பசு. பங்கீட்டு அரிசி தருமபுரிக்கு வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு அது வந்து நான் பார்த்ததில்லை. எனவே அதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அம்மாவின் அடுக்களையில் கழிவு என்று ஒரு பொருள் இருந்ததில்லை. களி கிண்டிய குண்டானின் அடியில் பிடித்த காந்தலைச் சிரட்டையால் சுரண்டி நீரில் ஊறவைப்பாள். மறுநாள் கூழில் அது கரைந்திருக்கும். கொள்ளு வேகவைத்த நீர் சாறாகும். கொள்ளு தனியே துவையலாகும். பூசணியின் தோல், அவரையின் நார், புளியங்கொட்டையின் பருப்பு யாவற்றுக்கும் அவளிடம் ஒரு வேலை இருந்தது. திருகையில் மாவு அரைத்தபின் கல்லின் விளிம்பில் ஒட்டிய தூளை ஈர்க்குக் கட்டால் தட்டித் தட்டி எடுப்பாள். குண்டான் கழுவிய நீர் பசுவுக்குப் போகும். கோடையில் ஊரார் சப்பி எறிந்த மாங்கொட்டைகளை நானும் அவளும் பொறுக்கிக் கூரைமேல் உலர்த்தி வைத்திருந்தோம். அவற்றை உடைத்துப் பருப்பை இடித்து, கசப்பும் துவர்ப்பும் போகப் பலமுறை நீர் மாற்றி, கஞ்சி காய்ச்சுவாள். அதன் மணம் நனைந்த மரப்பட்டையின் மணம். இன்றும் மழையில் நனைந்த மரத்தடியில் நிற்க நேர்ந்தால் எனக்கு வாய் கைக்கும்.

அண்டை வீட்டுக்காரி ஒருநாள் வேலியருகே நின்று, "ஏக்கா, உங்க வூட்டு எறும்பெல்லாம் பஞ்சம் பொழைக்க எங்க வூட்டுக்கு வந்துடுது" என்றாள்.

"வந்தா வெரட்டாத. நல்லாத் தின்னவெச்சு அனுப்பு. திரும்பி வரும்போது வாயில ஆளுக்கொரு பருக்க கொண்டாரட்டும்" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். அம்மா சிரித்து நான் கேட்டவற்றுள் உறுதியாகச் சொல்லத்தக்கது அதுவே கடைசி.

உலையிடுமுன் அளந்த தானியத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த சிறு கலயத்தில் போடுவது அவள் வழக்கம். அளவு எவ்வளவு குறைந்தாலும் அந்தப் பிடி குறையாது. உண்பவர் பங்குதான் குறையும். கலயத்தில் அப்போது இருந்தது சாமை. அது தம்பிக்கு மட்டும்.

தம்பிக்கு மட்டும் என்றதன் காரணம் இது. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கேழ்வரகுக் கூழ் எவ்வளவு நீர்க்கக் கரைத்துக் கொடுத்தாலும் தம்பியின் வயிற்றில் தங்கவில்லை. ஊர் மருத்துவச்சி வந்து அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"ராகி வேண்டாம். மாங்கொட்ட மாவு கிட்டயே காட்டாத. சாமைக் கஞ்சி காச்சிக் குடு, அதுதான் நிக்கும். ரெண்டு மாசம் ஓட்டிட்டீன்னா புள்ள பொழச்சுக்கும். சாமை வெச்சிருக்கிறியா?"

"நெறஞ்சிருக்குதுங்க" என்றாள் அம்மா.

மருத்துவச்சி கலயத்தை எட்டிப் பார்க்கவில்லை. பெருமூச்சு விட்டு, "உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு" என்றாள்.

நம் தலைமுறையினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இதைப் படிக்க நேரும் இளையோருக்காக ஒரு வரி. அடுப்படியில் நின்று தானியத்தின் பெயரையோ உப்பின் பெயரையோ சொல்லி 'இல்லை' என்று வாய்திறப்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. தீர்ந்துபோனாலும் தீரும் தறுவாயில் இருந்தாலும் 'நிறைந்திருக்கிறது' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவர் வெறுங்கலத்தை மனத்தில் கண்டுகொள்வார். நான்கு வயதிலேயே எனக்கு அது தெரியும். உப்பு வாங்கிவர என்னை அனுப்பும்போதெல்லாம் அம்மா, "உப்பு நெறஞ்சிருக்குது, ஓடு" என்றுதான் சொல்வாள். எனக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை என்று யாரும் இரங்கிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமன், அதியமான்கோட்டையில் இருந்தார். அவர் நிலத்தில் மட்டும் அவ்வாண்டு ஒரு மழை கூடுதலாகப் பெய்து, சாமை ஓரளவு விளைந்திருந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தொலைவு போக அம்மாவுக்குத் துணிவில்லை. அவனை விட்டுவிட்டுப் போகவும் இயலாது. அந்தப் பக்கமாக விறகு ஏற்றிப் போகும் உள்ளூர் வண்டிக்காரரோடு என்னை அனுப்பினாள். புறப்படுமுன் என் தலையை வாரிவிட்டுக்கொண்டே பாடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"மாமன்கிட்ட வேற ஒண்ணும் பேச வேண்டாம். 'சாமை நெறஞ்சிருக்குதுன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க' அப்படின்னு மட்டும் சொல்லு. அவருக்கு அது போதும். எங்க, சொல்லு பாக்கலாம்."

சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லு."

மீண்டும் சொன்னேன். என் பாவாடை முனையில் வறுத்த புளியங்கொட்டை நான்கைந்து முடிந்துவிட்டாள். வழியில் கடித்துக்கொண்டு போக.

மாமன் வீட்டை அடைந்தபோது உச்சிப்பொழுது. களத்தில் சாமைத் தாள் பொன்னிறமாகக் குவிந்து கிடந்தது. உள்ளே, மாமன் மனைவியாகிய அத்தை, புதுச்சாமைச் சோறு வடித்து, அவரைக்கொட்டைக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த மணத்தை மோந்துகொண்டே படியேறினேன். மாமன் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். கழுத்தில் புதிய பாசிமணி போட்டிருந்தாள். என்னைத் தட்டின்முன் அமர்த்தினார்கள்.

சோற்றைப் படைத்துக்கொண்டே அத்தை கேட்டாள்: "ஏம்புள்ள, உங்கம்மா குண்டான் சொரண்டற சத்தம் எங்க ஊரு வரைக்கும் கேக்குதே! மாங்கொட்டையக்கூட உடறதில்லியாமே? பொறுக்கித் தின்னறீங்களாமே?"

மாமன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சப்பிப் போட்டதையா? அய்ய!"

"சும்மா இரு புள்ள. பசியில வந்திருக்குது" என்றார் மாமன்.

அத்தை தீயவள் அல்லள். கேலி பேசுவது அவள் இயல்பு. என் தட்டில் அவள் இட்ட சோறு அவள் மகளுக்கு இட்டதைவிட ஒரு கரண்டி கூடுதல். அதையும் நான் கண்ணால் கண்டேன். ஆயினும் 'சப்பிப் போட்டது' என்ற சொல் என் காதிலேயே நின்றுவிட்டது. கூரைமேல் வரிசையாக உலர்ந்த அந்தக் கொட்டைகளை, அவற்றின் மேலிருந்த பிறர் பற்களின் தடத்தை, அவள் அங்கே வந்து பார்த்துவிட்டாற்போல் எனக்கு உடல் கூசிற்று.

உண்ணத் தொடங்கினேன். எவ்வளவு விரைந்து உண்ண விரும்பினேனோ அவ்வளவு மெல்ல உண்டேன். தட்டில் இன்னும் ஒரு பிடிச் சோறு இருக்கும்போது கையை எடுத்துவிட்டேன். அந்தப் பிடியை உண்ணாமல் இருப்பதற்கு நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கமாட்டேன். அதைக் கண்டு உறுதி சொல்ல வேறொருவரும் இலர்.

"ஏன் கண்ணு, மிச்சம் வெக்கற?" என்றார் மாமன்.

"எங்க வூட்டுல எப்பவும் மிச்சம் வெப்போங்க மாமா. மீந்தத மாட்டுக்குப் போட்டுருவோம்."

அத்தை மாமனைப் பார்த்தாள். மாமன் என் தட்டைப் பார்த்தார். பெண்பிள்ளையின் தட்டில் சோறு மீந்திருப்பதை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் கேட்டார்:

"உங்கம்மா என்ன சொல்லி அனுப்புனா?"

"சாமை நெறைய இருக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க."

மாமன் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். "நல்லா நெனச்சுச் சொல்லு பாப்பா. நெறஞ்சிருக்குதுன்னாளா, நெறைய இருக்குதுன்னாளா?"

இரண்டு சொற்களையும் அவரே என் முன்னால் எடுத்து வைத்துவிட்டார். நான் செய்ய வேண்டியிருந்தது சரியானதைத் தொட்டுக் காட்டுவது ஒன்றுதான். மாமன் மகள் பாசிமணியைப் பல்லால் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெறைய இருக்குதுன்னுதாங்க மாமா. குதிரு வழியுது."

மாமன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் நான் கண்டது நிம்மதி. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. அவர் மகளும் அப்படித்தான் சொல்கிறாள். "அப்படின்னா நல்லதாப் போச்சு. தங்கச்சிக்கின்னு கட்டி வெச்ச மூட்டைய உங்க அப்பன் வூட்டுக்கு அனுப்பிடலாம். அவங்கதான் தவிச்சுக்கிட்டு இருக்கறாங்க" என்று அத்தையிடம் சொன்னார். மூட்டை சுவரோரம் ஏற்கெனவே வாய் தைக்கப்பட்டு நின்றுகொண்டிருந்தது. அதற்குமுன் அதை நான் கவனிக்கவில்லை.

நான் விட்ட சோற்றை அத்தை கன்றுக்குட்டிக்குப் போட்டாள். அது இரண்டு நக்கில் முடித்துவிட்டது.

மறுநாள் ஊர் திரும்பினேன். அம்மா ஏரிக்கரையிலேயே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நாஞ் சொன்ன மாதிரியேவா?"

"அதே மாதிரிதாம்மா."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"நல்லதாப் போச்சுன்னாரு."

இந்த விடையில் பொய் இல்லை என்று அன்று எனக்குள் ஒரு தேற்றம் இருந்தது.

அன்று மாலை, நான் அறிந்தவரையில் முதன்முறையாக, அம்மா அளந்த சாமையிலிருந்து ஒரு பிடியைத் திரும்பக் கலயத்தில் போடாமல் உலையிட்டாள். தம்பிக்குக் கஞ்சி கெட்டியாகக் காய்ச்சினாள். மீந்ததில் எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். "குடி கண்ணு. நாளைக்கு இல்லாட்டி நாளான்னைக்கு வண்டி வந்துரும்" என்றாள். தம்பி கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் அடியைத் தட்டினான். நானும் குடித்தேன். மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்று நாளும் நான் குடித்தேன். நான்காம் நாள் அண்டை வீட்டுக்காரி தன் பிள்ளைக்கென்று கையேந்தியபோது அம்மா கலயத்தைச் சாய்த்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள். பிறகு கலயத்தைக் கவிழ்த்துத் தரையில் தட்டினாள்.

ஆறாம் நாள் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். "மாமன்கிட்ட என்ன வார்த்த சொன்ன? மறுக்காச் சொல்லு."

"நெறஞ்சிருக்குதுன்னுதாம்மா சொன்னேன்."

"அப்ப வண்டி மாட்டுக்கு ஏதாச்சும் ஆயிருக்கும்" என்றாள். அவள் தன் அண்ணனையும் ஐயுறவில்லை, என்னையும் ஐயுறவில்லை, மாட்டைத்தான் ஐயுற்றாள்.

கலயம் ஒழிந்த நாள் முதல் தம்பிக்குக் கேழ்வரகுக் கூழைத் துணியில் வடித்துக் கொடுத்துப் பார்த்தாள். அது தங்கவில்லை. எட்டாம் நாள் மாங்கொட்டை மாவை ஏழு முறை நீர் மாற்றிக் கழுவினாள். ஒவ்வொரு முறையும் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். ஏழு முறை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்; நீர் இறைத்துத் தந்தவள் நான். அந்தக் கஞ்சியைத் தம்பி முகம் சுளிக்காமல் குடித்தான். மறுநாள் விடிந்ததிலிருந்து அவனுக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது. நண்பகலில் அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அதியமான்கோட்டைக்கு நடக்கப் புறப்பட்டாள். ஏரிக்கரை தாண்டிச் சிறிது தொலைவு போனதும் திரும்பிவிட்டாள். அவன் தலை தோளில் நிற்கவில்லை.

பத்தாம் நாள் காலை தம்பி இறந்தான்.

செய்தி கேட்டு மறுநாள் மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு சாமை மூட்டை இருந்தது. வேறொருவர் வீட்டில் கேட்டு வாங்கி வந்தாரா, விதைக்கு வைத்திருந்ததை எடுத்து வந்தாரா, அறியேன். அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அம்மா மூட்டையைப் பார்த்தாள். "இப்ப எதுக்குண்ணா?" என்றாள். குரலில் சினமில்லை. உண்மையிலேயே கேட்பவள்போலக் கேட்டாள்.

"நான் என்ன பண்ணுவேன் ஆத்தா? நெறைய இருக்குதுன்னு..." என்று மாமன் தொடங்கினார். அப்போது தூணைப் பற்றிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, சொல் பாதியில் நின்றது. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மறந்துட்டேன், ஆத்தா."

"என்னது?"

"பாப்பா வந்து சரியாத்தான் சொல்லுச்சு. களத்து வேலையில நாந்தான் மறந்துட்டேன்."

அம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள். "மறந்துட்டியா" என்றாள். அது வினா அன்று. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமன் சிறிது நேரம் அங்கேயே இருந்தார். யாரும் நீர்கூடக் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருக்கலாம்.

அந்த மூட்டையை அம்மா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அவள் எதையும் வீணாக்கத் தெரியாதவள். ஒவ்வொரு நாளும் அளந்தாள், ஒரு பிடியைத் திரும்பக் கலயத்தில் போட்டாள், சமைத்தாள். அவள் அதில் ஒரு பருக்கையும் உண்ணவில்லை. மாங்கொட்டைக் கஞ்சியையே குடித்தாள். சாமை முழுதும் எனக்கு. "தின்னு, மிச்சம் வெக்காத" என்று மட்டும் சொல்வாள். நான் மிச்சம் வைக்கவில்லை. மூட்டை காலியானபோது சாக்கை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, தையலில் சிக்கியிருந்த மணிகளை ஊசியால் எடுத்து, அதையும் எனக்கே சமைத்துப் போட்டாள்.

அப்பா திரும்பி வந்தார். நடந்ததை அறிந்து, மாமனைப் பழித்து நான் இங்கே எழுத விரும்பாத சொற்களைப் பேசினார். உறவினர் எல்லோரும் மாமனைக் கல்நெஞ்சர் என்றார்கள். கூடப் பிறந்தவளின் பிள்ளை பட்டினி கிடக்கக் களத்தில் சாமையைக் குவித்து வைத்திருந்தவர் என்று எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர் நிலைத்தது. அத்தைக்கு உண்மை தெரியும். அவர் சொல்லவேண்டாம் என்று அவளைத் தடுத்துவிட்டதாக அவர் மகள் சொல்கிறாள். என் திருமணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்து நின்றார். அம்மா சீர்த்தட்டை வாங்கினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணையில் அமர்ந்திருந்த என் நெற்றியில் அவர் பட்டம் கட்டியபோது அவர் விரல்கள் என் காதைத் தொட்டன. "நல்லா இரு கண்ணு" என்றார். அப்போதேனும் நான் வாய்திறந்திருக்கலாம். மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமன் இறந்த செய்தி வந்தபோது அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்போது பிறந்தகத்துக்கு வந்திருந்தேன். செய்தி கொண்டுவந்தவர் சொல்லி முடித்தபிறகும் முறம் நிற்கவில்லை. கல்லும் உமியும் நீங்கும்வரை புடைத்து, தானியத்தைப் பானையில் கொட்டி மூடிவிட்டே எழுந்தாள். அவள் போகவில்லை. நான் போனேன். அவர் காலடியில் நின்றேன். அங்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவும் போய்ப் பல ஆண்டுகளாகின்றன. இறுதி நாள்களில் அவளுக்குச் சாமைக்கஞ்சி ஊட்டியவள் நான். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள், "உங்க மாமன் ஒண்ணியும் மறக்கறவரு இல்ல" என்றாள். நான் அடுத்த வாய்க் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண் மூடியிருந்தது.

உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவே. அந்த மூட்டை உரிய நாளில் வந்திருந்தால் தம்பி பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. மாமன் பின்னாளில் எப்போதேனும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாரா என்பது அவர் மகளுக்கும் தெரியாது. அம்மா தானாகவே அறிந்திருந்தாளா, அறிந்திருந்தால் எந்த நாள் முதல் அறிந்திருந்தாள், அறிந்துதான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாளா என்பதும் எனக்குத் தெரியாது.